பெருசுக்குத் துணை

சவரிமுத்து கக்கூசுக்குள்ள போயி ரொம்ப நேரமாச்சு. ரொம்ப நேரம்னா எவ்வளவு நேரம்னு உத்திராபதிக்குச் சொல்லத் தெரியல. மத்தியானச் சோறு தின்ன தட்டைக் கழுவிக் கவுத்துட்டுப் போனவரு, தட்டுல ஈரம் காஞ்சுபோச்சு, ஆளக் காணோம். இந்த ஜெயில்ல கக்கூஸ் கதவெல்லாம் அரைக்கதவுதான், மேலயும் கீழயும் திறந்து கெடக்கும், உள்ள இருக்கறவன் என்ன பண்றான்னு வெளியில இருக்கறவனுக்குத் தெரியணும்ல. குனிஞ்சா காலு தெரியும். ஆனா குனியறதுக்கு முட்டி ஒத்துக்கணுமே. செவத்தப் புடிச்சுக்கிட்டு, கோயில்ல தோப்புக்கரணம் போடறவன் பாதியில மறந்து நின்னுட்ட மாதிரி நின்னு, எட்டிப் பாத்தாரு. பித்தவெடிப்பு வெடிச்ச ரெண்டு குதிகாலு. சவரி காலுதான். அசையல. குதிகால் என்னத்த அசையும், குந்தியிருக்கறவன் டான்ஸா ஆடுவான்னு அவருக்கே தோணுச்சு, இருந்தாலும் நெஞ்சுக்குள்ள யாரோ ஈரத்துணியப் பிழியற மாதிரி இருந்துச்சு. “சவரி.” இடது காது கேக்காதுல்ல அந்த மனுசனுக்கு, எந்தக் காது இந்தப் பக்கம் இருக்கோ. “யோவ் சவரி.” “என்னய்யா.” “ஒண்ணுமில்ல. இருக்கியான்னு பாத்தேன்.” “இருக்காம? கேட்டுல சொல்லிட்டு மேட்னி ஷோவுக்கா போயிருக்கேன்?” “அதுக்கில்ல. ஏதாச்சும் இருமிக்கிட்டாவது இரு.” உள்ளேர்ந்து வேணும்னே ஒரு இருமல், கேலி பண்ற இருமல், இருந்தாலும் இருமல்தான். உத்திராபதி மூச்ச விட்டாரு. விட்ட மூச்சு பாதி வெளிய வர்றதுக்குள்ள அடுத்த பயம் வந்து உக்காந்துடுச்சு, ஏன்னா கேலி பண்றான்ல, சிரிக்கிறான்ல, சிரிக்கிறவனத்தான் நம்பக்கூடாதுன்னு இந்த பிளாக்குல எல்லாருக்கும் தெரியும்.

சீத்தாபதி சிரிச்சாரு. போன ஆடியில. இந்த வயசாளிங்க பிளாக்குலயே கடைசி ரூமு அவருது, வாய் ஓயாத ஆளு, அன்னிக்கு கேண்டீன்ல வாங்குன எலுமிச்சங்கா ஊறுகாய் பாக்கெட்ட பிரிச்சு எல்லாத் தட்டுலயும் ஒரு துண்டு வச்சாரு, சீப்ப ஒருத்தனுக்குக் குடுத்தாரு, போர்வைய ஒருத்தனுக்குக் குடுத்தாரு, எனக்கு எதுக்குய்யா, உடம்பெல்லாம் ஒரே சூடுன்னு சொன்னாரு. எல்லாரும் தின்னாங்க. உத்திராபதியும் தின்னாரு. விடிஞ்சு கதவு தொறந்து ஆளக் கணக்கெடுக்கறப்ப கணக்குல ஒரு உசுரு குறைஞ்சுது. அதுக்கப்பறம் ஒரு வாரம் ஒருத்தனும் ஊறுகாயத் தொடல. அந்தப் புளிப்பு இன்னமும் பல்லுல இருக்கு, எச்சி முழுங்கறப்பல்லாம் வரும். சாமானக் குடுக்கறான்னா ஜாக்கிரதை, அதான் அன்னிலேர்ந்து இங்க சட்டம். சவரிமுத்து முந்தாநாள் தன்னோட ஸ்வெட்டரக் கழட்டி, பொஞ்சாதி பின்னிக் குடுத்த மெரூன் கலர் ஸ்வெட்டரு, அந்தம்மா செத்து இன்னும் நாப்பதாம் நாள் பூசைகூட ஆகல, அத கழட்டி “நீ போட்டுக்க”ன்னு உத்திராபதி மடியில போட்டாரு. மார்கழிக் குளிருல. “உனக்கு?” “எனக்கு எதுக்குய்யா.” அதே வார்த்தை. சீத்தாபதி சொன்ன அதே எனக்கு எதுக்குய்யா. வாங்கவும் முடியல, திருப்பிக் குடுக்கவும் முடியல, இப்ப போட்டுக்கிட்டுத்தான் நிக்கறாரு, கம்பளி கழுத்துல அரிக்குது, செத்துப்போன பொம்பள கையால போட்ட முடிச்சு ஒவ்வொண்ணும் அரிக்குது.

காலையில கஞ்சி குடிக்கறப்பதான் ராசப்பா வார்டர் வந்து சொன்னாரு. ரெண்டு பேரும் படியில பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தாங்க. வார்டர் யார் மூஞ்சியையும் பாக்கல, சாவிக்கொத்தையே பாத்துக்கிட்டு, கொரல இறக்கிச் சொன்னாரு: “பெருசு, பெரியவருக்கு மனசு சரியில்ல. தனியா விடாத. துணையா இரு. நமக்குள்ள இருக்கட்டும்.” சொல்லிட்டுப் போயிட்டாரு. சவரிக்குக் காதுல விழுந்திருக்காது, அவரு கேக்காத காதுப் பக்கமாத்தான் வார்டர் நின்னாரு, விவரமான ஆளு. அதுலேர்ந்து உத்திராபதி கண்ண எடுக்கல. இந்த வயசுல, சொந்த வேட்டி அவுந்தா தெரியாத கண்ணு, அத வச்சுக்கிட்டு இன்னொருத்தனக் காவல் காக்கணும். ராத்திரி பரவால்ல, சவரி ரூமுல இன்னும் ரெண்டு பேரு படுக்கறாங்க, பாத்துக்குவாங்க. பகல்ல? பகல் எவ்வளவு பெருசு தெரியுமா. தொறந்து விட்டதுலேர்ந்து சாயந்தரம் அடைக்கிற வரைக்கும், மைதானத்துல விட்ட ஊசி மாதிரி, தேடிக்கிட்டே இருக்கணும். நம்மகிட்ட ஏன் சொன்னாருன்னு ஒரு பக்கம் பெருமையாவும் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. எத்தனையோ காலமாச்சு யாராச்சும் அவர ஒண்ணு செய்யச் சொல்லி. இன்னொரு பக்கம் ஒரு சிரிப்பு, சிரிப்பு மாதிரி ஒரு கசப்பு, அடிவயித்துலேர்ந்து கெளம்பிச்சு, திருடன்கிட்டயே சாவியக் குடுத்துட்டுப் போறாரே இந்த மனுசன்னு. அந்த நினைப்ப உத்திராபதி மேற்கொண்டு நினைக்கல. கால்ல முள்ளு குத்துனா எடுக்காம நடக்கற மாதிரி, அப்படியே நடந்துட்டாரு.

தண்ணி சத்தம் கேட்டுச்சு. சவரி கழுவறாரு. தண்ணி சத்தம் கேட்டா போதும் உத்திராபதிக்கு, மனசு பாட்டுக்கு ஊருக்குப் போயிரும், பஞ்சாயத்து மோட்டார் ரூமுக்கு, டேங்க் ரொம்பி வழியிறப்ப கொரலே மாறும், மொதல்ல கடகடன்னு இருக்கறது அப்பறம் சளசளன்னு. மோட்டார் போடறது, வால்வு தொறக்கறது, அதான் அவரு வேலை, அந்த வால்வுலதான் சண்டை, எந்தத் தெருவுக்கு மொதல்ல தண்ணின்னு, கையில இருந்த கம்பி, ஒரே ஒரு தடவ. அத நினைக்க வேணாம். அத நினைச்சு நினைச்சு மொன்னையாயிப் போச்சு, இப்ப வெட்டறதில்ல. இப்ப வெட்டறது வேற. தங்கையா போன வாரம் விடுதலையாகிப் போனான், இவரு ரூமுல கூட இருந்த ஒரே ஆளு, கொறட்டை விட்டே கொல்லுவான், டேய் தங்கையா வாய மூடுடான்னு எத்தனை ராத்திரி கத்தியிருக்காரு. போறப்ப கால்ல விழுந்துட்டுப் போனான். அன்னி ராத்திரி ரூமு எவ்வளவு பெருசா இருந்துச்சுங்கறீங்க. கொறட்டை இல்லாத இருட்டு. காதுக்குள்ள தன் ரத்தம் ஓடற சத்தமே கேட்டுச்சு. அப்ப வந்துச்சு அந்த வார்த்தை. யாரோ பக்கத்துல படுத்துக்கிட்டு, பாசமா, சோறு வச்சவ கேக்கற மாதிரி, போதும்ல? அவ்வளவுதான். போதும்ல? இவரு போதும்னு பதில் சொல்லல. ஆனா வேணாம் போன்னும் சொல்லல. மறுநாளும் வந்துச்சு. பகல்லயும் வருது இப்ப. தட்டுல ரெண்டாவது கரண்டி சோறு விழறப்ப போதும்னு கைய நீட்டுனாரு பாருங்க, அந்தச் சொல்லு வாயிலேர்ந்து வந்ததும் உடம்பே உதறிப்போச்சு, எதுக்குச் சொன்னோம் இத, சோத்துக்கா, இல்ல அதுக்கான்னு.

சவரிமுத்து வேட்டிய உதறிக்கிட்டு வெளிய வந்தாரு. “என்னய்யா, எனக்கு முன்னாடி சொர்க்கவாசல்ல காத்துக்கிட்டு நிக்கற மாதிரி நிக்கற.” சொர்க்கவாசல்னு ஏன் சொல்றான். கிறிஸ்தவன் எதுக்கு சொர்க்கவாசலப் பேசறான். “வா, புங்கமரத்தடியில உக்காருவோம்”ன்னாரு உத்திராபதி. “இங்கயே இரு, என் தட்ட எடுத்து வச்சுட்டு வந்துடறேன்.” “நானும் வரேன்.” “தட்டு எடுக்க ரெண்டு ஆளா?” “கூட வந்தா என்ன கொறஞ்சு போயிருவ?” ரெண்டு கெழவனும் ஒரு தட்ட எடுக்க ஒண்ணாப் போனாங்க, ஒண்ணாத் திரும்புனாங்க, வழியில பீடி பத்தவச்சுக்கிட்டு நின்ன கல்யாணசுந்தரம், “பொண்ணு மாப்ள ஊர்வலம் எங்க கெளம்பிருச்சு”ன்னு கேட்டான், சவரி “மறுவீட்டுக்குடா”ன்னாரு. உத்திராபதிக்குச் சிரிப்பு வரல. சவரிமுத்து எடத்தப் பாத்து உக்காரறத அவரு கவனிச்சாரு, மரத்துல சாஞ்சுக்கல, எதிர்ல உக்காந்தாரு, வச்ச கண்ணு வாங்காம இவரையே பாக்கறாரு. ஏன் பாக்கறான். கடைசியா பாக்கறவன்தான் இப்படிப் பாப்பான். மூஞ்சிய மனப்பாடம் பண்றவன் மாதிரி.

வெயில் சாஞ்சுக்கிட்டு வருது. மதிலு நெழலு முன்னாடி வந்து சவரி கால் மேல ஏறுது. அடைக்கிற நேரம் வருது. அடைப்புன்னு நினைச்சதும் நாக்கு ஒட்டிக்கிச்சு. சவரிய நினைச்சுத்தான்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு, அடைச்சதுக்கப்பறம் சவரி என்ன ஆவானோன்னு. ஆனா சவரி ரூமுல ரெண்டு பேரு இருக்காங்களே. அப்ப எந்த ரூமப் பத்தி பயப்படறோம். நினைப்பு அந்த இடத்துல போயி துணி ஆணியில மாட்டுன மாதிரி மாட்டிக்கிச்சு. இழுத்தாரு. வரல. எந்த ரூமு. வேற எதையாச்சும் நினைப்போம், பையன நினைப்போம், இளவழகன், திருப்பூர்ல இருக்கான், நேத்துகூடப் பேசினோமே. பேசினோமா. டெலிபோன் ரூமுல லைன்ல நின்னு, நம்பர் போட்டு, அந்தப் பொம்பள கொரலு, நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை. தீவாளிக்கு முன்னாடிலேர்ந்து அதான் சொல்றா. பின்னாடி லைன்ல ஆளுங்க நிக்கறாங்க, டக்குனு வச்சுட்டா, என்ன பெருசு, பையன் எடுக்கலயான்னு கேப்பானுங்க, அந்த எளக்காரத்த யாரு தாங்கறது. அதனால பேசுவாரு. சாப்டியாப்பா. பேரப்புள்ள பள்ளிக்கூடம் போறானா. எனக்கென்ன, ராசா மாதிரி இருக்கேன். அவ அந்தப் பக்கம் தமிழ்ல ஒரு தடவ, இங்கிலீசுல ஒரு தடவ சொல்லிட்டுக் கட் பண்ணிருவா, அதுக்கப்பறமும் பேசுவாரு, குய்ங்குனு கேக்கற வெறும் சத்தத்துக்கிட்ட. நேத்து பேசிட்டுத் திரும்பறப்ப மேசையில உக்காந்திருந்த ராசப்பா வார்டர் பேனா மூடியக் கடிச்சுக்கிட்டு இவரையே பாத்தாரு. எதுக்குப் பாத்தாரு.

“உத்திராபதி.” “ம்.” “என்ன யோசனை?” “ஒண்ணுமில்ல. நீ என்ன யோசிக்கிற?” “நீ என்ன யோசிக்கிறன்னு யோசிக்கிறேன்.” கல்யாணசுந்தரம் எங்கயோ எருமை மாதிரி தும்மினான். கவுன்சிலிங் மேடம் வந்தப்ப என்ன கேட்டாங்க, மாசத்துக்கு ஒரு தடவ வருவாங்க, சின்னப் பொண்ணு, மனசுல ஏதாச்சும் பாரமா இருந்தா சொல்லுங்க தாத்தான்னாங்க, இவரு முட்டி வலிதாம்மான்னாரு. மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. முட்டிக்கு. இப்ப சவரிகிட்டக் கேட்டுரணும், வேற வழியில்ல, நேரம் போவுது, எப்படிக் கேக்கறது, யோவ் நீ சாகப்போறியான்னா கேக்கறது, கேட்டா, இல்லாத நினைப்ப நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிருமோ. கேக்காம விட்டா? ஊறுகாயத் தின்னுட்டுக் கேக்காமத்தான விட்டோம். சீத்தாபதி, ஏன் இன்னிக்கு எல்லாத்தையும் குடுக்கறீங்கன்னு ஒருத்தன் கேட்டிருந்தா. ஒரு வார்த்தை. பல்லுக்கு நடுவுல புளிப்பு பொங்குச்சு, உத்திராபதி எச்சியத் துப்பிட்டு, மண்ணப் பாத்துக்கிட்டே, “சவரி, நீ ஏதும் தப்பா முடிவு எடுத்துற மாட்டியே”ன்னாரு.

சவரிமுத்து கேக்கற காத இந்தப் பக்கம் திருப்பினாரு. “என்னது?” “உசுர விட்டுரணும்னு எதும் நினைப்பு இருக்காய்யா உனக்கு?” “எனக்கா?” “உனக்குத்தான். வார்டர் காலையில சொல்லிட்டாரு. உன் மனசு சரியில்ல, பாத்துக்கன்னு. அதான் காலையிலேர்ந்து உன் பின்னாடியே சுத்தறேன், உனக்குத்தான் காது கேக்கல.” “யோவ்.” சவரிமுத்து எழுந்திருக்கப் பாத்து முடியாம மறுபடி உக்காந்தாரு. “எனக்கு இந்தக் காதுதான்யா அவுட்டு. அந்தக் காது கோட்டான் காது. சார் எங்கிட்டல்ல சொன்னாரு. பெருசு, பெரியவருக்கு மனசு சரியில்லன்னு. நான்தான பெருசு?” “நீ எப்படிய்யா பெருசு, என்னையத்தான அவரு பெருசும்பாரு.” “என்னையும்தான் பெருசும்பாரு. இந்த பிளாக்குல எவன அவரு பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்காரு?” ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. சவரிமுத்துதான் பேசுனாரு, கொரலு எறங்கிப்போச்சு. “நீ பராக்குப் பாத்துக்கிட்டு இருந்த, உனக்குக் காதுல விழலன்னு நினைச்சுக்கிட்டேன். காலையிலேர்ந்து எனக்கு உசுரு உசுரா இல்ல. கக்கூசுல குந்திக்கிட்டு, கதவுக்கு மேல உன் தலை தெரியுதான்னே பாத்துக்கிட்டு இருந்தேன், கழுவறதக்கூட மறந்துட்டு, தலை இருக்கற வரைக்கும் பரவால்லன்னு. அதான் அவ்வளவு நேரம்.” “அப்ப ஸ்வெட்டரு?” “நீ மூணு நாளா நடுங்கிக்கிட்டு இருக்கயா. குளிருன்னு நினைச்சேன்.”

குளிருன்னு நினைச்சேன். உத்திராபதி கையப் பாத்தாரு. ஆமா, நடுங்குது. எப்பலேர்ந்து நடுங்குது இது, வெயில்ல உக்காந்துக்கிட்டு, கம்பளியும் போட்டுக்கிட்டு. “சரி விடு,” சவரிமுத்து தொடையத் தட்டுனாரு, “கூத்தாப் போச்சு. எனக்கும் வரும்யா அப்பப்ப, இல்லேங்கல. அவ போனதுலேர்ந்து எதுக்கு விடியணும்னு இருக்கும். ஆனா பக்கத்துல ரெண்டு பயலுவளும் படுத்துக்கிட்டு ராத்திரியெல்லாம் கேவலமா எதாச்சும் பேசுவானுங்களா, திட்டிக்கிட்டே தூங்கிப் போயிருவேன். சார் வரட்டும், யாரச் சொன்னாருன்னு கேட்டுருவோம், ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சு போகும்.” கேக்கலாம். கேட்டா வார்டர் சொல்லுவாரு, சவரியத்தான் சொன்னேன்னு சொன்னாலும் சொல்லுவாரு, அப்படிச் சொல்லிட்டா போதும், தப்பிச்சோம், சிரிச்சுக்கிட்டே ரூமுக்குப் போயிரலாம், கதவு சாத்திருவாங்க. கதவு சாத்திருவாங்க. ஆணியில மாட்டுன துணி அப்பதான் கிழிஞ்சு வந்துச்சு. அந்த ரூமு இவரு ரூமு. பயந்தது பூரா அந்த ரூமுக்குத்தான். உள்ள ஒருத்தன் பாசமாக் கேட்டுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கான், போதும்லன்னு, இன்னிக்கு அவனுக்குப் பதில் சொல்லிருவோமோன்னு காலையிலேர்ந்து இல்ல, ஒரு வாரமா பயந்துக்கிட்டு இருக்கோம், பயந்தத அப்படியே தூக்கி சவரி தலையில வச்சு, சவரிக்குக் காவலா நிக்கறேன்னு நின்னுக்கிட்டு இருந்திருக்கோம். சொல்லிரலாமா. சொன்னா என்ன ஆகும், ஆஸ்பத்திரி பிளாக்குல போடுவாங்க, பயலுக சிரிப்பானுங்க, பெருசு மறை கழண்டுருச்சும்பானுங்க. சொல்லலன்னா. “கேக்க வேணாம்யா,” உத்திராபதி சொன்னாரு. கொரலு யாரோடதோ மாதிரி வந்துச்சு. “அவரு சொன்னது என்னையத்தான்.”

சவரிமுத்து சிரிக்கப் பாத்து நிறுத்திட்டாரு. கைய நீட்டி இவரு மணிக்கட்டப் புடிச்சாரு, நாடி பாக்கறவரு மாதிரி, அப்படியே வச்சுக்கிட்டாரு. பிளாக்கு மணி அடிச்சுச்சு. ஆளுங்க தட்டையும் சொம்பையும் எடுத்துக்கிட்டு வரிசையா ரூமுக்குள்ள போறாங்க, ஒவ்வொரு கதவாச் சாத்தற சத்தம், இரும்பும் இரும்பும், கடைசிக் கதவுலேர்ந்து ஆரம்பிச்சு நெருங்கி வருது, ஒவ்வொண்ணுக்கும் உத்திராபதி தோளு துள்ளுது, சவரி கை விடல. ராசப்பா வார்டர் வந்து நின்னாரு. “என்ன, ரெண்டு பேரும் சாமிக்கு வேண்டிக்கிட்டா உக்காந்திருக்கீங்க? எழுந்திருங்க, கணக்கு முடிக்கணும்.” சவரிமுத்து எழுந்திருக்கல. உத்திராபதியும் எழுந்திருக்கல. இப்ப சொல்லணும். இந்த மூச்சுல சொல்லணும், அடுத்த மூச்சு வந்தா முட்டி வலின்னு வந்துரும், அவருக்கு நல்லாத் தெரியும், நாக்கு நுனியில முட்டி தயாரா நிக்குது. “சார்,” உத்திராபதி சொன்னாரு, “இன்னிக்கு என்னையத் தனியா போட்டு அடைக்காதீங்க.” “ஏன் பெருசு, தங்கையா இல்லாம பயமா இருக்கா?” வெளையாட்டாத்தான் கேட்டாரு. “ஆமா சார்.” “கொலைக்கேஸுல வந்த ஆளு, யாரப் பாத்துய்யா பயம் உனக்கு?” “என்னையப் பாத்துதான் சார்.”

வார்டர் கையில சாவிக்கொத்து ஆடிக்கிட்டு இருந்தது நின்னுச்சு. பக்கத்து ரூமு ஆளுங்க உள்ளேர்ந்து கத்தறாங்க, சார் சாத்துங்க, கொசு வருதுங்கறாங்க. அவரு திரும்பிப் பாக்கல. தொப்பியக் கழட்டி அக்குள்ல இடுக்கிக்கிட்டு, காக்கி பேண்ட்டோட, அந்த மண்ணுலயே உத்திராபதி எதிர்ல உக்காந்தாரு. “எத்தனை நாளா?” “தங்கையா போனதுலேர்ந்து.” “ஏன் சொல்லல?” உத்திராபதி ஸ்வெட்டர் கைய இழுத்து விட்டுக்கிட்டாரு. இன்னும் பயமாத்தான் இருந்துச்சு, கொறையல, நெஞ்சுல அந்தத் துணியப் பிழிஞ்சுக்கிட்டேதான் இருக்காங்க, ஆனா அது இப்ப மூணு பேருக்கு நடுவுல கெடந்துச்சு, எல்லாரும் அதப் பாக்கறாங்க. “டாக்டர வரச் சொல்றேன்,” வார்டர் சொன்னாரு, “ஆஸ்பத்திரில படுக்கை போடச் சொல்றேன், ஆளு கூட இருப்பாங்க, இந்தப் பெரியவரையும் கூட படுக்க விடுவாங்களான்னு கேட்டுப் பாக்கறேன். அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருக்கேன். சொல்லு.” உத்திராபதி எச்சிய முழுங்குனாரு. சவரிமுத்து கேக்கற காத இந்தப் பக்கம் திருப்பி உக்காந்துக்கிட்டாரு. அன்னிக்கு அந்த பிளாக்க அடைக்க ரொம்ப லேட்டாச்சு.